ஊசியும் ஒற்றைச் செங்கல் சுவரும்

ஜெபசீலி,

நைட் டியூட்டி முடிந்து வந்ததும் படி. கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறேன். களி கிளறி வைத்திருக்கிறேன். கட்டி தட்டியிருந்தால் அது என் கைவண்ணம், கோபமில்லை.

மஞ்சள்காமாலைத் தடுப்பூசிச் சண்டையில் நேற்று நீதான் ஜெயித்தாய். "எங்க ஆஸ்பத்திரி விழாவுல அரைமணி நேரம் ஊசிப் பெருமை பேசுன பெரிய டாக்டரு, போட்டோவுக்குச் சட்டைக்கையை மடிச்சாரு, படம் எடுத்ததும் இறக்கிட்டாரு. அவரு முதல்ல போட்டுக்கட்டும், அப்புறம் நர்சுங்க போட்டுக்கறோம்" என்றாய். நியாயம்தான். ஆனால் அந்த மருந்தை அவரா கண்டுபிடித்தார்? அவருடையது மாலையும் சால்வையும் மட்டும். ரத்தம் வழியாகத் தொற்றும் காமாலை அது; தினமும் அடுத்தவர் ரத்தத்தில் கைவைப்பவள் நீ.

நாம் கத்தியது சுவரைத் தாண்டிவிட்டது. காலையில் பக்கத்து வீட்டுக் கெம்பம்மா வந்தாள். குழந்தைக்கு இன்று முத்தடுப்பு ஊசி போட வரமாட்டாளாம்.

"ஏண்ணா, நர்சம்மாவே ஊசி வேணாங்குது. அது முதல்ல போட்டுக்கட்டும், அப்புறம் எம்புள்ளைக்குப் பாக்கலாம்."

நீ டாக்டருக்குச் சொன்ன அதே வசனம். "அது வேற ஊசிம்மா" என்றேன். "எல்லாம் ஊசிதானே" என்று போய்விட்டாள்.

தூங்கி எழுந்ததும் அவளையும் குழந்தையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. அவள் கண்ணெதிரே உன் ஊசியைப் போட்டுக்கொள். போட்டோ வேண்டாம்.

அற்புதராஜ்

பி.கு.: ஊசி போட்ட கையால் தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே, நான் வந்து தூக்குகிறேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது.