அம்பயருக்கு அனுப்பிய திருநீறு

என் பாசத்துக்குரிய அத்தான்,

நடந்தது முழுவதையும் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அந்த அம்பயர் அன்று பேஸ்போல் மைதானத்துக்குள் வந்து முகமூடியைச் சரிசெய்த விதத்தைப் பார்த்ததுமே, "இண்டைக்கு உவன் எங்கட கழுத்தை அறுக்கப் போறான்" என்று அடித்துச் சொன்னேன். அக்கா சாட்சி. உங்கள் மகள் துளசியும் சாட்சிதான், ஆனால் போனைப் பார்த்துக்கொண்டிருந்தபடியால் தனக்குக் கேட்கவில்லை என்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தீர்க்கதரிசனம் பக்கத்துக் கதிரையில் இருந்தாலும் தெரியாது.

நினைவஞ்சலிப் பக்கத்தில் வருசா வருசம் உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி அழுகைக் கவிதை போடலாம் என்று பேப்பர்காரர் சொன்னார். வேண்டாம், நான் கடிதம் எழுதுகிறேன், என் எழுத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள் என்றேன். கால் பக்கம் தந்திருக்கிறார். எழுத்து சின்னதாகத்தான் விழும். நீங்கள் இப்போது கண்ணாடி இல்லாமலே வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

முதல் புதினம், அக்கா பேஸ்போல் பார்க்கிறார். நம்புவீர்களா? நீங்கள் ரீவியைப் போட்டதும் குசினிக்குள் போனவர். "தடியோட நிக்கிறாங்கள், துப்புறாங்கள், திரும்பவும் நிக்கிறாங்கள். இதுக்கொரு ரீவி" என்று சொன்ன அதே மனுசி. இப்போது நீங்கள் ஆட்டம் பார்க்கப் போடுகிற அந்த நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு, மல்வேர்ன் வீட்டில் உங்கள் கதிரையில் இருந்து பார்க்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற விசயமா அது?

சேட்டோடு சேர்த்து உங்கள் கோபத்தையும் எடுத்துப் போட்டுவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம் இருந்தது. அம்பயர்மாரோடு நீங்கள் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். பிறசர் பார்க்கப் போகிற நாளில் ரீவியே போட வேண்டாம் என்று டொக்டர் சொன்னாரே, நினைவிருக்கிறதா?

ஆட்டத்தைச் சொல்கிறேன். கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ஓட்டம் பின்னால். தளங்கள் மூன்றிலும் எங்கள் பொடியன்கள் நிற்கிறார்கள். இன்னும் ஒருவன் அவுட்டானால் ஆட்டம் சரி. பந்து வருகிறது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண், கணுக்காலைக் கேட்டால் அது சாட்சி சொல்லும். எங்கள் பொடியன் தடியை அசைக்கவேயில்லை. நாலாவது கெட்ட பந்தையும் அடிக்காமல் விட்டவனுக்கு முதல் தளம் சும்மா கிடைக்க வேண்டும், மூன்றாம் தளத்தில் நின்றவன் ஓடிவந்து ஆட்டம் சமநிலைக்கு வர வேண்டும். அம்பயர் கையைத் தூக்கி, மூன்றாவது நல்ல பந்து, நீ அவுட் என்றான். ஆட்டம் முடிந்தது.

இப்போது மறுத்துக் கேட்டால் கமெரா தீர்ப்புச் சொல்லும் வசதி வந்திருக்கிறது அத்தான். நீங்கள் அதைப் பார்க்காமலே போய்விட்டீர்கள். ஆனால் எங்கள் ஆட்கள் அற்ப விசயங்களுக்குக் கேட்டுத் தோற்று, வாய்ப்பையெல்லாம் முதலே தீர்த்துவிட்டார்கள். அதையும் நான் சொன்னேன்.

நான் போட்ட சத்தத்தில் மல்வேர்ன் முழுக்க நாய்கள் குரைத்தன. அடுத்த நகரம் பிக்கரிங்கில் இருக்கும் சிநேகிதன் போன் எடுத்து, "என்ன இடியோ?" என்று கேட்டான். அக்கா மட்டும் சத்தம் போடவில்லை. திரையில் அம்பயரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாவம். அந்தாளுக்குக் கண் தெரியேல்லை."

"என்னக்கா கதைக்கிறாய்? உவன் வேணுமெண்டு செய்தவன்!"

"இல்லையடா. கண் ஒப்பரேசனுக்கு முன்னம் நானும் இப்பிடித்தானே? கடைசிப் படியை நிலமெண்டு நினைச்சு விழுந்தனான். வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அந்தாளும் சொல்லாமல் நிக்குது."

"அம்மா, ஹீ இஸ் ஜஸ்ற் எ பாட் அம்பயர்" என்றாள் துளசி.

"நீ சும்மா இரு. வெள்ளிக்கிழமை அவற்றை பேரில ஒரு அர்ச்சனை செய்வம்."

உங்கள் கோபத்தை அக்கா எப்படி மாற்றிவிட்டார் பார்த்தீர்களா? நாங்கள் திட்டினோம். அவர் வேண்டினார். அதில்தான் வினையே வந்தது.

கோயிலில் ஐயர் தட்டை வாங்கி, பேரைக் கேட்டு, திரும்பவும் ஒருமுறை கேட்டார். "நட்சத்திரம்?" என்றார். அக்கா முழித்தார். "பூராடம்" என்றேன் நான். கண் கோளாறுக்காரர் முக்கால்வாசியும் பூராடம்தான், இது என் அனுபவம். "கோத்திரம்?" என்றார். "அமெரிக்கா" என்றேன். ஐயர் தட்டோடு உள்ளே போனார்.

வரிசையில் பின்னால் நின்ற ஒரு அன்ரி என் தோளில் தட்டினார். "ஆர் தம்பி, வெள்ளைக்கார மருமகனோ?"

"இல்லை அன்ரி, அம்பயர்."

"ஆர், அண்டைக்கு எங்களை அழவைச்சவனோ? என்ர பேரிலயும் ஒரு கற்பூரம் கொளுத்து. ஆனால் கண்ணுக்கில்லை!"

அர்ச்சனை செய்தால் பிரசாதம் உரியவருக்குப் போய்ச் சேர வேண்டும். அக்கா அதில் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். ஜேர்மனியில் சின்னம்மாவின் பேரனுக்குப் பள்ளிக்கூடச் சோதனை என்றாலும், லண்டனில் ஆருக்கும் பிள்ளைப்பேறு என்றாலும், திருநீறைக் கடுதாசியில் மடித்துக் கவரில் வைத்து அனுப்புகிறவர். அம்பயருக்கும் அப்படித்தான் மடித்தார். மைதானத்தின் விலாசத்தை நான் கண்டுபிடித்தேன். வெள்ளைக்காரனுக்குத் திருநீறு என்னவென்று தெரியாதே, ஒரு வரி விளக்கம் வேண்டும் என்றார் அக்கா. எனக்கு இங்கிலீசு தண்ணீர் பட்ட பாடு. சுருக்கமாக எழுதினேன். இதைப் பூசு. இனி உன்னால் பிழை விட முடியாது. நாங்கள் எல்லாரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ரீவியில் பார்க்கிறோம் என்றுதான் அர்த்தம் அத்தான். உங்களுக்கு விளங்கும்.

கவரின் பின்பக்கம் அக்கா தன் பேரையும் வீட்டு விலாசத்தையும் எழுதினார். விலாசம் இல்லாத கடிதம் கள்ளக் கடிதமாம்.

பெருமையாகத் துளசிக்குச் சொன்னேன். அவள் முதல்முறையாகப் போனைக் கீழே வைத்தாள்.

"மாமா, கவருக்குள்ள பவுடர் வைச்சு, உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறம் எண்டு எழுதி அனுப்பினீங்களோ?"

"பவுடர் இல்லைப் பிள்ளை, திருநீறு."

"திறக்கிற ஆளுக்கு அது தெரியுமோ? கவருக்குள்ள பவுடரைக் கண்டால் கட்டடத்தையே காலி பண்ணுவாங்கள். உடம்பு முழுக்க மூடின உடுப்புப் போட்ட ஆக்கள் வருவாங்கள். இங்க அதைப் பயங்கரவாதம் எண்டுதான் பார்ப்பாங்கள், மாமா!"

அக்கா குசினி வாசலில் நின்றதை நாங்கள் காணவில்லை. அந்தச் சொல்லை அவர் வேறு நாட்டில், துவக்கு நீட்டிய ஆமிக்காரரின் வாயால் கேட்டவர். அந்தச் சொல்லைச் சொல்லித்தானே உங்களை ஒருநாள் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்கள்? நீங்கள் திரும்பி வந்தீர்கள். ஆனால் அன்றிலிருந்து அக்கா கதவு தட்டுகிற சத்தத்துக்கு எழும்பிப் போனதில்லை. நீங்கள்தான் போவீர்கள்.

அடுத்த கிழமை பகலில் தட்டினார்கள். இரண்டு பொலிஸ்காரர். துளசி வேலைக்குப் போயிருந்தாள். அக்கா யன்னலால் பார்த்தார், கதவைத் திறக்கவில்லை. நான் போனபோது கீழே உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பின்னால், உங்கள் சேட்டோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். அடுப்பில் பருப்பு கருகிக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் ஒரு கார்ட் செருகியிருந்தது. ஒரு இலக்கம், கூப்பிடவும் என்று பேனையால் எழுதிய எழுத்து. வேறொன்றும் இல்லை.

காரில் ஏற்றி ரூஜில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "என்னைத் திருப்பி அனுப்புவாங்களோ தம்பி? அத்தான்ர சாம்பல் இங்க ஏரியிலதானே கிடக்கு. நான் எங்க போறது?"

நீ இந்த நாட்டுக் குடிமகள், உன்னை ஒருவரும் அசைக்க முடியாது, பிரதமருக்கே நான் கடிதம் போடுவேன் என்றெல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டே என் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்தியை இரண்டு தரம் தவறவிட்டேன்.

எனக்குப் பயம், அத்தான். இதுவரை ஒருவருக்கும் சொல்லாத சொல் இது. மில்லிக்கனில் ஒரு கடைக்கு மட்டன் ரோல்ஸ் வாங்கப் போன இடத்தில், வாசலில் பொலிஸ் கார் ஒன்று வந்து நின்றது. நான் கடையின் பின்கதவால் வெளியே வந்துவிட்டேன். ரோல்ஸ் வாங்க வந்த பொலிஸ்காரன் அவன், பாவம்.

பிறகு அதே அம்பயர் இன்னொரு ஆட்டத்துக்கு நின்றான். நான் பந்தைப் பார்க்கவில்லை. அவன் நெற்றியைப் பார்த்தேன், உயிரோடு, சுகமாக நிற்கிறானா என்று பார்த்தேன். நின்றான். நின்று, போன தடவையிலும் மோசமான ஒரு பிழை விட்டான். தலைக்கு மேலே போன பந்தை நல்ல பந்து என்றான். மைதானம் முழுக்க எழும்பிக் கத்தியது. நானோ, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று ரீவியின் சத்தத்தைக் குறைத்தேன். ஒரு இரசிகனுக்கு இதைவிடக் கேவலம் உண்டா, சொல்லுங்கள்? பிழை விட்டவன் அவன். ஒளித்திருக்கிறவர்கள் நாங்கள்.

அக்கா சாப்பாட்டைத் தொடவில்லை. தேத்தண்ணீர் மட்டும். வாசலில் கார் நின்றால் சுவரோடு ஒட்டி நின்றார். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பொலிசில் மேலிடத்தில் எனக்கு ஒரு ஒபிசர் பழக்கம். பெயரை இங்கே எழுத முடியாது, பெரிய ஆள். அவருக்குப் போன் போட்டேன். அவர் விசாரித்துவிட்டு, கவரைத் திறக்காமலே குப்பையில் போட்டுவிட்டார்களாம், பொலிசார் வந்தது பக்கத்து வீட்டுக் கார் களவு போன விசயமாக என்று சொன்னார். அக்காவுக்குச் சொன்னேன்.

"உண்மையாவோ?"

"ஓம் அக்கா. அவர் என்ர கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினமாதிரிச் சொன்னவர்."

அன்று அக்கா சோறு சாப்பிட்டார். கதிரையிலேயே குறட்டை விட்டு நித்திரை கொண்டார். உங்கள் குறட்டையையும் எடுத்துக்கொண்டுவிட்டார்.

விடிந்ததும் உடுப்பு அடுக்கினார். "நான் வீட்டை போறன். அந்த ஒபிசரை ஞாயிற்றுக்கிழமை சோத்துக்குக் கூட்டிக்கொண்டு வா. மரக்கறியோ மச்சம் மாமிசமோ எண்டு கேட்டுச் சொல்லு. எங்கட வீட்டுக் கதவைப் பொலிஸ் தட்டி, நான் சிரிச்சுக்கொண்டு திறக்கிறதை அத்தான் பார்க்க வேணும்."

அம்மாவோடு என் வீட்டில் தங்கியிருந்த துளசி என்னைப் பார்த்தாள். "மாமா, அந்த ஒபிசற்றை பேர் என்ன?"

"அது சொல்லேலாது பிள்ளை."

அவள் கதவிடுக்கில் இருந்த அந்தக் கார்டை எடுத்து என் தேத்தண்ணீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

இந்தப் பேப்பர் கடைக்கு வந்ததும், அக்கா முதலில் திறப்பது நினைவஞ்சலிப் பக்கத்தைத்தான். அது எனக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன். அதற்கு முன்னர் நான் கார்டில் இருந்த அந்த இலக்கத்துக்குப் போன் அடித்திருப்பேன். கவருக்குள் இருந்த கடுதாசியில் உள்ள எழுத்து என்னுடையது, அதை வைத்து என்னைக் கேளுங்கள் என்று சொல்லியிருப்பேன். கதவு தட்டினால் இனி நான் போவேன் அத்தான். அக்கா எழும்ப வேண்டியதில்லை. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

மேலே எழுதியதெல்லாம், ஒன்றைத் தவிர, நடந்தது. உப்புப்புளி கொஞ்சம் கூடியிருக்கலாம். ஆனால் பொலிசில் எனக்கு ஒருவரையும் தெரியாது. நான் ஒருவருக்கும் போன் போடவில்லை. அந்தக் கவரைத் திறந்தார்களோ, அவர்கள் ஏன் வந்தார்களோ, ஒன்றும் தெரியாது. அக்கா ஒரு பிடி சோறு சாப்பிட வேண்டும் என்று நான் உண்டாக்கிய ஆள் அந்த ஒபிசர்.

உங்கள் மனைவிக்கு ஒரே தம்பி,
உங்களுக்கு என்றைக்கும் மச்சான்,
குணம்