நடு லாச்சி

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
யூன் முதற் கிழமை

அன்பு அக்கா,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். நீயும் ராகுலன் அத்தானும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். அப்பா என்ற சொல் வந்ததும் நீ வேறு கதைக்குப் போய்விடுகிறாய். கடிதத்தில் அது முடியாது. வேண்டுமானால் பாதியில் மடித்து வைக்கலாம். மடித்தால் பிறகு விரிக்கவும் செய்வாய், உன்னை எனக்குத் தெரியும்.

முதலில் செய்தி. அந்தோனியார் திருநாள் முடிந்த மறுநாள் அப்பாவும் அம்மாவும் மோட்டர்ஹோமில் மேற்கே வெளிக்கிடுகிறார்கள். மலை பார்க்கப் போகிறோம் என்று அப்பா கோயிலில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். ரொறன்ரோவிலிருந்து அந்த மலைகளுக்குப் போகும் பாதை உன் றெஜைனாவுக்குள்ளால்தான் போகிறது. அதை அவர் எவருக்கும் சொல்லவில்லை. அம்மா வரைபடத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

மோட்டர்ஹோமை நீ கண்டதில்லை. அப்பா பென்சன் எடுத்த பிறகு வாங்கியது. வடக்கே பாரி என்ற ஊரில் ஒரு வெள்ளைக்காரர் வைத்திருந்தது. பஸ் போல நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, குளிக்க ஒரு மூலை. எங்கள் டிரைவ்வேயை முழுதாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரி சிற்றிக் கந்தோருக்கு அறிவித்துவிட்டார். அப்பாவுக்குக் கவலை இல்லை. மிசிசாகா விமான நிலையத்தில் இவ்வளவு காலமும் பிளேனுக்குள் ஆக்களின் பெட்டியை ஏற்றினேன், இனி என்னை ஏற்றிக்கொண்டு போக எனக்கொரு பெட்டி வேணும் என்கிறார்.

இனி பிரிட்ஜ் கதை. கொஞ்சம் நீளம். இந்தக் கடிதமே அதற்குத்தான்.

வண்டியோடு வந்த பிரிட்ஜ் காஸில் வேலை செய்வது. சின்னது. ஒரே கதவு, உள்ளே மேலே ஐஸ் பெட்டி. வண்டி சரிந்து நின்றால் குளிராது. சமனாக நின்றால் நல்லாகவே குளிர்ந்தது. மரியோ அண்ணை பார்த்துவிட்டு ஒரு பிழையும் இல்லை என்றார். மரியோ அண்ணையை நினைவிருக்கும். அப்பாவோடு பாடகர் குழுவில் பாடுபவர், கொண்டோ கட்டடங்களில் வயரிங் வேலை. அப்பா அதைக் கழற்றி வீட்டுப் பிரிட்ஜ் ஒன்று பூட்ட வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, காணாது என்றார். இரண்டு பேருக்கு என்ன காணாது என்று அம்மா கேட்டார். "நீ நண்டு கொண்டு வரமாட்டியோ? பிறகென்ன" என்றார். நண்டு யாருக்கு என்று அம்மா கேட்கவில்லை, உனக்கு என்று அவருக்குத் தெரியும்.

கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார், கதைக்கிறதுக்கு. அவருடைய ஆங்கிலத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கேள்விகளைத் தன் வாயால் கேட்க விரும்பவில்லை என்று இப்போது நினைக்கிறேன். மேலே இரண்டு கதவு, கீழே ஐஸ் பெட்டி, நடுவில் தனியாக இழுத்துத் திறக்கிற லாச்சி. அப்படி ஒன்றின் முன்னால் நின்றார். லாச்சியை இழுத்தார். மூடினார். திரும்ப இழுத்தார். உள்ளே தலையை விட்டு மணந்து பார்த்தார். புதுப் பிரிட்ஜில் என்ன மணம் இருக்கப்போகிறது.

பிறகு என்னிடம், "உந்தப் பெடியனைக் கேள் பிள்ளை, மேலை இருக்கிற காத்து உந்த லாச்சிக்கை போகுமோ எண்டு" என்றார். கேட்டேன். லாச்சிக்கு வேறு குளிர், வேறு காற்று என்று கடைக்காரப் பெடியன் சொன்னான். அப்பாவுக்குத் திருப்தி இல்லை. மேலே மீன் வைத்தால் லாச்சியில் மணக்குமோ என்று கேட்கச் சொன்னார். அவன் மூடி வைத்தால் மணக்காது என்றான். "மூடாமல் வைச்சா?" என்றார் அப்பா. அவன் என்னைப் பார்த்தான். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா லாச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதையே வாங்கினார்.

வந்து இறங்கியது. வண்டியின் கதவால் உள்ளே போகவில்லை. உள்ளே பிரிட்ஜ் வைக்கும் இடத்தை அப்பா எல்லாப் பக்கமும் அளந்திருந்தார், வாசலை அளக்கவில்லை. மரியோ அண்ணை டிரைவ்வேயில் குந்தியிருந்து விழுந்து விழுந்து சிரித்தார். "இக்னேசியஸ் அண்ணை, கலியாணம் பேசி முடிச்சிட்டு மாப்பிள்ளையை வாசலிலை நிப்பாட்டிப் போட்டியள்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது என்ன சொன்னார் என்று. சிரிப்பு நின்றது. பிறகு அப்பா எழும்பி, பக்கத்து யன்னலைக் கழற்றுவம் என்றார்.

யன்னலைச் சட்டத்தோடு கழற்றி, பிரிட்ஜின் கதவுகளைக் கழற்றி, மூன்று பேருமாகச் சரித்து உள்ளே விட்டோம். என் முழங்கையில் இன்னும் காயம். காஸ் குழாயில் கை வைக்கமாட்டேன், லைசன்ஸ் போய்விடும் என்று மரியோ அண்ணை சொன்னதால் அதை அடைக்க வேறு ஆள் வந்தார். பழைய பிரிட்ஜின் சூடு வெளியேற வைத்திருந்த ஓட்டைகளையும் அடைத்தோம். வீட்டுப் பிரிட்ஜுக்குக் கரண்ட் வேண்டும், ஆகவே ஓடும்போது பற்றரியில் இருந்து கரண்ட் எடுக்க ஒரு பெட்டி. வளைவுகளில் கதவுகள் தானாகத் திறக்கும் என்று ஒரு பெல்ட். நல்ல வேலை. குறை சொல்ல முடியாது.

இந்த வேலைகளின் நடுவில் ஒரு நாள் காரில் என்னை வேலைக்கு இறக்கப் போகும்போது கேட்டார். "பிள்ளை, முட்டை சைவமோ?"

சில ஆட்களுக்குச் சைவம், சில ஆட்களுக்கு இல்லை என்றேன்.

"அவை முட்டை தின்னுறவையோ?"

எவை என்று கேட்டேன். எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன். அவர் கண்ணாடியைப் பார்த்து லேன் மாற்றினார். "இல்லை, பொதுவாக் கேக்கிறன்" என்றார். அப்படியே மிசிசாகா வந்தது.

அத்தான் முட்டை சாப்பிடுவதில்லை என்று இறங்கும்போது சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. "அத்தான்" என்றுதான் சொன்னேன். தலையாட்டினார்.

அக்கா, அத்தான் வீட்டார் கலியாணம் பேச எங்கள் வீட்டுக்கு வந்த அந்த நாளை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் என் கண்ணால் பார்த்தபடி எழுதுகிறேன், ஏனென்றால் நீ அப்போது முன்னறையில் இருந்தாய். அத்தானின் அம்மா சந்திரவதனா அன்ரி உதவி செய்யவென்று குசினிக்குள் வந்தார். அம்மா பால் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தார். பாலுக்குப் பக்கத்தில் வெட்டிக் கழுவிய பாரை மீன், தட்டத்தில், மூடாமல். அன்ரி முகத்தை மாற்றவில்லை. எனக்குத் தண்ணி மட்டும் காணும் என்றார், நல்ல மரியாதையாக. அப்பா குசினி வாசலில் நின்றார். அவர்கள் போன பிறகு, "எங்கடை பிரிட்ஜிலை மீனோடை இருந்த பாலும் அவைக்கு மச்சம். என்ரை பிள்ளை அங்கை போய் என்னெண்டு இருப்பாள்" என்றார். அன்று இரவு அத்தானுக்குப் போன் எடுத்து அப்பா சொன்னதை நான் இங்கே எழுதவில்லை. நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் உன் தாலி ஏறிய நேரம் அவர் ஓவர்டைம் செய்துகொண்டிருந்தார்.

அந்தத் தண்ணீர்க் கிளாசை அப்பா இவ்வளவு காலமும் யோசித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது. ஒரு லாச்சியை வைத்துக்கொண்டு ஊகிக்கிறேன்.

போன சனிக்கிழமை சாமான் ஏற்றத் தொடங்கினோம், பிரிட்ஜ் சரியாகக் குளிர்கிறதா என்று பார்க்க. அம்மா நண்டுப் பொதியை நடு லாச்சிக்குள் வைக்கப் போனார். "இஞ்சை, அதுக்கை வேண்டாம்" என்றார் அப்பா. ஏன் என்று அம்மா கேட்டார். "வேண்டாம் எண்டா வேண்டாம்." அம்மா நண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு குனிந்து கீழே ஐஸ் பெட்டியில் வைத்தார். அன்று பின்னேரம் தனியாகக் கடைக்குப் போய் ஒரு புதுச் சட்டி வாங்கி வந்தார். ஒட்டிய லேபிள்கூட இன்னும் உரிக்கவில்லை. அது வண்டியில் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. அதைப் பற்றி அப்பா கேட்கவில்லை.

லாச்சிக்குள் அப்பா தானே வாங்கி அடுக்கினார். பால், தயிர், வெண்டிக்காய், முருங்கைக்காய். அதோடு சீனிச்சம்பல் ஒரு போத்தல். வெங்காயம்தானே, சைவம் என்று நினைத்திருக்கிறார். அதற்குள் மாசி போட்டிருக்கிறார்கள், அது மீன் என்று சொன்னேன். போத்தலை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். நெடுநேரம் வாசித்தார். காலம் முழுக்கச் சீனிச்சம்பல் சாப்பிட்டவர். "உதுக்கையும் மீனோ" என்று மட்டும் சொன்னார். போத்தலை மேல்தட்டுக்கு மாற்றினார். பிறகு லாச்சியில் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து, லாச்சியைக் கழற்றிக்கொண்டு போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். போத்தல் திறக்கப்படவே இல்லை என்று சொன்னேன். கேட்கவில்லை.

நீ வைத்த நிபந்தனையை அவரிடம் சொல்லிவிட்டேன். அத்தானிடம் நேரில், வாயால், மன்னிப்புக் கேட்காமல் உன் வாசலுக்கு வரக் கூடாது என்று. பெல்ட்டுக்கு ஆணி முறுக்கிக்கொண்டிருந்தார். நட்சத்திர மூக்கு ஸ்குறூ டிறைவரை எடுத்துத் தா என்றார். கொடுத்தேன். அதுதான் பதில்.

நிபந்தனை நியாயம். அதை மாற்றச் சொல்லி எழுதவில்லை. இந்த லாச்சியை மன்னிப்பு என்றும் நான் சொல்லவில்லை. அது ஒரு லாச்சி. நான் கண்டதை எழுதுகிறேன்.

அவர் எப்படி வருவார் என்று எனக்கு ஓரளவு விளங்குகிறது. வெளியில் இருந்து கரண்ட் எடுக்க நீளமான வயர் ஒன்று வாங்கியிருக்கிறார். நேற்று என் போன் வரைபடத்தில் உன் வீட்டுத் தெருவின் படத்தை எடுத்துத் தரச் சொன்னார். உன் வீட்டுச் சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தார். குளிர்காலத்தில் கார் எஞ்சின் உறையாமல் இருக்கச் செருகும் பிளக் ஒன்று வெளியே இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தார். "உது பிளக்தானே?" என்று கேட்டார். படத்தில் முற்றத்தில் ஒருவர் நிற்கிறார். முகத்தை மங்கலாக்கியிருக்கிறார்கள். உயரத்தைப் பார்த்தால் அத்தான்தான். அப்பா முதலில் பிளக்கைப் பார்த்தார். பிறகு விரலால் படத்தைக் கொஞ்சம் நகர்த்தினார். முற்றம் வந்தது. அதை அவர் பெரிதாக்கவில்லை. போனைத் திருப்பித் தரவும் இல்லை.

ஆகவே இப்படித்தான் வருவார். பின்னேரம் உன் வீட்டுக்கு முன்னால் வண்டியை நிற்பாட்டுவார். மலைக்குப் போற வழியில் பற்றரி இறங்கிப்போச்சு, பிரிட்ஜுக்கு ஒரு இரவுக்குக் கரண்ட் வேணும், நாங்கள் உள்ளுக்கு வரேல்லை, வண்டிக்கையே படுப்பம் என்பார். அம்மா பின்னால் நிற்பார். பற்றரி இறங்கியிருக்காது. மரியோ அண்ணை பூட்டியது, எனக்குத் தெரியும். அதை நீ சொல்லிக் காட்டாதே.

என்ன பதில் சொல்வாய் என்று நான் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். கதவைத் திறக்க நீ போகாதே. நீ திறந்தால் அவர் உன்னோடு கதைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். அத்தானை அனுப்பு. வயரின் நுனியை அப்பாவின் கையிலிருந்து அத்தான் வாங்கிக்கொண்டு போய்ச் செருகட்டும். அந்த நேரம் அப்பாவுக்கு வாயில் ஏதாவது வந்தால் வரட்டும். வராவிட்டால், விடியுமட்டும் உன் வாசலில்தான் நிற்பார். பிரிட்ஜுக்காக.

உங்கள் இருவரையும் அந்தோனியாரிடம் ஒப்படைக்கிறேன். அத்தானுக்குப் பிள்ளையார் காணும் என்றால் அவரிடமும்.

உன் தங்கை,
ஸ்டெபனி