பூவுக்குள் வெந்த ரேடியேட்டர்

என் செல்லத் தம்பி சேகர்,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. எண்பதாம் வருஷம் பிறந்தும் பெட்ரோல் விலை இறங்கவில்லை. தேரடி ஸ்டாண்டில் உன் கறுப்பு டாக்ஸியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். உன் கோமதியும் குழந்தையும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

உன்னை எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்! காலையில் முதல் வேலையாக டயருக்குக் காற்றுப் பார்ப்பாய். பெட்டி படுக்கை இல்லாத சவாரி என்றால் மேலே இருக்கும் கேரியரைக் கழற்றி வைத்துவிடுவாய். "கஞ்சப் பிசினாறி, ஆக்ஸிலேட்டரை மிதிடா!" என்று கத்துவேன். "அவசரப்பட்டா பெட்ரோல் ஜாஸ்திண்ணா, தூரம் கம்மி" என்று சிரிப்பாய்.

தீட்டுக் கழிந்து வந்த முதல் ஆயுத பூஜை இது. நீ இல்லாத குறை ஸ்டாண்டில் தெரியக்கூடாது என்று வீம்பாக வாழைக்கன்று கட்டினேன். ரேடியேட்டர் கம்பியே தெரியாதபடி முன்பக்கம் சாமந்தி மாலையைச் சுற்றினேன். மறுநாளே வேலூர் ஆஸ்பத்திரிக்குச் சவாரி. பிரசவ வலியோடு ஒரு பெண், கூட அவள் அம்மா. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நம் வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

கோமதி ஓடி வந்தாள். "மாமா, அவரு பூஜை முடிஞ்சதும் மாலைய எடுத்துடுவாருங்க. எஞ்சினுக்குக் காத்து போகாதுனு சொல்வாரு" என்று அவிழ்க்கக் கை நீட்டினாள்.

"நல்ல காரியத்துக்குப் போறேன். நீ பூவுல கை வைக்காத" என்றேன். தெருவே கேட்கச் சொன்னேன், தம்பி. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கோபத்தையும் ஆக்ஸிலேட்டரில் காட்டினேன். போளூர் தாண்டியதும் வண்டி கொதித்து நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸை மறித்து அவர்களை ஏற்றிவிட்டேன். வலியோடு படி ஏறியவளை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை. தாயும் பிள்ளையும் சுகம் என்று அப்புறம் சேதி வந்தது. அது என் புண்ணியத்தில் அல்ல. மாலையைப் பிய்த்தேன், உள்பக்கப் பூவெல்லாம் வெந்திருந்தது.

கோமதியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைங்க மாமா, வண்டி ஓடுதில்ல" என்றாள். ஆனால் வண்டிப் பக்கமே வருவதில்லை. குழந்தை அதில் ஏறி விளையாடினாலும் வாசற்படியில் நின்றபடியே கூப்பிடுகிறாள். அவளை நீ முன்சீட்டில் உட்காரவைத்து மலை சுற்றிய வண்டி அது. அவளுக்கே அது அந்நியமாகிவிட்டதே, நான் என்னடா செய்வேன்?

டயர், கேரியர், மிதமான வேகம் எல்லாம் இனி உன் வழிதான். அது சுலபம். இன்னொன்றுக்கும் வாக்குத் தருகிறேன். தெருவே கேட்கச் சொன்னதைத் தெருவே கேட்கத்தான் திருப்பி எடுக்க வேண்டும். நாளைக் காலையில் வாசலில் நின்று, "வண்டிக்கு நீயே பூ வையும்மா" என்று கேட்பேன். மாட்டேன் என்றால் மறுநாளும் கேட்பேன். அதுவரை வண்டி மொட்டையாகவே ஓடட்டும். அவள் கை படாத பூ இனி அதில் ஏறாது.

உன் பெண்டாட்டி முன்னால் தலை குனிந்து நிற்கும்
உன் அண்ணன்