குக்கரில் இருப்பது மண்

என்னங்க,

அடுப்பு மேல இருக்கிற குக்கரைத் திறந்துடாதீங்க. அதுல சோறு இல்ல, தக்காளி விதை போடறதுக்காக, கிருமி சாகட்டும்னு அவிச்ச மண்ணு. தானா ஆறட்டும். உங்க சாப்பாடு மேசை மேல மூடி வச்சிருக்கேன்.

போன தடவை மாதிரி, “பாவம், இதுல சத்தே இல்லையே”ன்னு தோட்டத்து மண்ணை ஒரு பிடி அள்ளிப் போட்டுடாதீங்க. மூணு தட்டு நாத்தும் அடித்தண்டு அழுகிச் சாஞ்சதும், அதுக்கு நான் ஆடின ஆட்டமும் மறந்திருக்காது.

சாவி வழக்கமான இடத்துல.

பி.கு.: தொட்டியில நாத்துத் தட்டெல்லாம் பிளீச்சிங் தண்ணியில ஊறுது. கை வைக்காதீங்க.

இன்னொண்ணு. ஊறப் போடறப்பதான் பார்த்தேன், மூணு தட்டு மூலையிலயும் பழைய பூஞ்சை. நீங்க மண்ணு போட்டது ஒரு தட்டுலதான். மூணும் அழுகினப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். ஆஸ்பத்திரியில நாள் முழுக்கக் கத்திரியையும் ஊசியையும் கொதிக்க வைக்கிறவ, வீட்டுத் தட்டைக் கழுவாம விட்டிருக்கேன்.

நீங்க நாலு நாளா உம்முன்னு இருந்தது போதும். சாயங்காலம் வந்ததும் ரெண்டு வார்த்தை திட்டிக்கோங்க, வாங்கிக்கிறேன். மூணாவதுக்குப் போனீங்கன்னா, ராத்திரிக்கு குக்கர்ல இருக்கிறதைத்தான் பரிமாறுவேன்.