என் பெயரில் கேட்ட கேள்வி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? சிங்கப்பூரில் நான் நலம்.

எங்கள் வங்கி கணினிகளை எல்லாம் இலவச மென்பொருளுக்கு மாற்றிவிட்டது. அதைக் கவனிக்கத் தெரிந்த ஆட்களுக்குச் சம்பளம் தரத்தான் மனமில்லை. நேற்று அந்த மென்பொருள் இயங்காமல் நின்றதும் மேலாளர் கோ, "இணையத்துல கேளு மரிவிக், உலகமே சும்மா சொல்லித் தருதே! ஆனா வங்கி பேரு வேணாம், உன் பேர்ல கேளு" என்றார். என்ன கோளாறு என்று கணினி எழுதிவைத்த பிழைப் பதிவை அப்படியே ஓர் இணைய மன்றத்தில் ஒட்டிக் கேட்டேன். பத்தே நிமிடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் பதறி எழுதினார்: "ஐயோ தங்கச்சி, வங்கியோட கடவுச்சொல்லும் அதுல இருக்கு. உடனே அழி!"

அழித்தேன், கடவுச்சொல்லையும் மாற்றினேன். அதற்குள் வேறு யார் பார்த்தார்களோ? கோவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை அனுமதி போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

கருவாடு அனுப்புங்கள். கூடவே என் பட்டச் சான்றிதழின் அசலையும். அவசரமில்லை, ஆனால் இந்த வாரமே அனுப்புங்கள்.

உங்கள் மரிவிக்