தெற்கனின் மனைவி

அமரவிளை,
11.7.1999

அன்புள்ள உங்களுக்கு,

மஸ்கட்டில் உங்கள் ஆபீசில் இன்டர்நெட் உண்டா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் பதில் இல்லை.

நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் சென்டர் வந்திருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே போய், இன்டர்நெட்டில் தமிழர்கள் விவாதிக்கும் ஓர் இடத்தில் ஆண் பெயரில் எழுதுகிறேன். அரசியலானாலும் சினிமாவானாலும் என்னோடு மல்லுக்கு நிற்பவர் 'தெற்கன்' என்று எழுதும் கேரளத் தமிழர் ஒருவர். சென்டர் நடத்தும் நீது, "அக்கா, ஒங்க சண்டைக்காரன் வந்தாச்சு. நல்ல சூட்டிலாக்கும் இருக்கான்!" என்று என்னைக் கிண்டல் செய்வாள்.

போன வாரம், கேரளத்தில் தமிழ்ப்படம் யார் பார்க்கிறார்கள் என்று அவரைச் சீண்டினேன். எல்லை தாண்டி மார்த்தாண்டத்துக்குப் போய் முதல் நாளே பார்ப்போம் என்று பதில் எழுதினார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் பாதிப் படத்தில் கரண்ட் போய்விட்டதாம். மிச்சக் கதையைத் திரும்பும் பஸ்ஸில் மனைவி இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாளாம்.

அது அந்த பஸ்ஸில் நான் உங்களுக்குச் சொன்ன கதை. நான் யாரிடமும் அதைப் பேசியதில்லை.

படித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அதன் கீழே ஒரு பெண், "இப்போதும் சேர்ந்து படம் பார்ப்பீர்களா?" என்று கேட்டிருந்தாள்.

"அவள் இறந்து மூன்று வருடமாகிறது" என்று தெற்கன் எழுதியிருந்தார்.

பதினேழு பேர் அவருக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள்.

ஓணத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். யாரைப் பார்க்க?

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உங்கள் மனைவி