புரியாத நாற்பது வரி

காட்டூர், திருச்சி
மார்ச் 11

அன்பு மகள் பெலிண்டாவுக்கு, அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் வலியும் சுகமாகவே இருக்கிறது. டப்ளின் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? மணப்பாறை முறுக்கு இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறேன், ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்துத் தீர்த்துவிடாதே.

உன் மெயில் படித்தேன். ஆஸ்பத்திரியின் பழைய மருந்து அளவு புரோகிராமைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஏ.ஐ.யை வைத்து ஆறே வாரத்தில் புதிதாக எழுதிவிட்டீர்களாம், வரும் திங்கள் முதல் அதுதான் ஓடுமாம். அதற்கான சோதனைகளையும் அதே ஏ.ஐ.தான் எழுதியதாம். தானே பரீட்சை எழுதித் தானே திருத்தினால் நூற்றுக்கு நூறு வராமல் என்ன வரும்? நான் ஃபேக்டரி கம்ப்யூட்டர் செக்‌ஷனில் சேர்ந்த எண்பத்தாறிலேயே டை கட்டிய ஒருவர் வந்து, இனிமே புரோகிராமரே தேவையில்ல மேடம், மேனேஜரே எழுதிக்குவாருங்க என்றார். அந்த மேனேஜருக்கு லீவு லெட்டரே நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். பத்து வருடத்துக்கு ஒருவர் இதையே புதுசு போலச் சொல்ல வந்துவிடுகிறார்.

இங்கே நடந்த கூத்தைக் கேள். நம் கோயில் ஹால் புக்கிங்குக்குத் தொண்ணூற்றெட்டில் நான் எழுதிக்கொடுத்த புரோகிராம் பழசாகிவிட்டதென்று, பாடகர் குழு பேட்ரிசியாவின் மருமகன் ஜெபராஜ் புதிதாக ஒன்று செய்தான். பழையதில் வருடத்தைப் பத்தொன்பதால் வகு, மீதியை எடு என்று நீளமாக ஒரு கணக்கு. எதுக்குன்னே புரியல ஃபாதர், வேஸ்ட்டா கெடந்துச்சு, தூக்கிட்டேன் என்றானாம். அந்த வேஸ்ட்டுதான் வருடா வருடம் ஈஸ்டர் என்றைக்கு என்று கண்டுபிடித்து, அதற்கு முந்தின பெரிய வெள்ளிக்கு ஹாலை யாருக்கும் தராமல் வைத்திருந்தது. இப்போது லீவு நாளாயிற்றே என்று நம் தெரு நல்லதம்பி தன் பேத்தியின் காதணி விழாவுக்கு அன்றைக்கே ஹாலைப் பிடித்துவிட்டார். கோயிலில் சிலுவை ஆராதனை நடக்கும்போது பக்கத்தில் மைக் செட்டும் பிரியாணியும். பத்திரிகை கொடுத்தாயிற்று, உங்க கம்ப்யூட்டர்தானேங்க தேதி குடுத்துச்சு என்று ஃபாதரையே கேட்கிறார். ஜெபராஜைத் திட்டித் தீர்த்துவிட்டு என் பழைய பிரிண்டை எடுத்துப் பார்த்தேன். இந்தக் கணக்கு எதற்கு என்று நான் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. கோயிலில் இருப்பவனுக்கு இதுகூடவா தெரியாது என்ற திமிர். எதற்கு என்று ஒரு வரி எழுதி வை என்பதுதான் செக்‌ஷனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுத்த பாடம், எனக்கே வெட்கமாக இருக்கிறது.

உங்கள் பழைய புரோகிராமிலும் யாருக்கும் புரியாத நாற்பது வரி இருந்தது, விட்டுவிட்டோம் என்று சிரிப்புப் பொம்மை போட்டு எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குழந்தைக்கு ஊசி மருந்து கூடிப் போகாமல் தடுக்கிற வரியாக அது இருந்தால் என்ன செய்வாய்? எழுதியவர் ரிட்டயர் ஆகி அதே ஊரில்தான் இருக்கிறார் என்றும் நீயே சொல்கிறாய். திங்களுக்கு முன்னால் அவருக்குப் போன் போடு, தேதி தள்ளிப்போனால் போகட்டும், உன் மேனேஜர் கோபித்தால் கோபிக்கட்டும்.

மாதா உனக்குத் துணையிருப்பாள். ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. போன் போட மறக்காதே. ஜெபராஜ் ஞாயிறுதோறும் பூசையில் எனக்குப் பின் வரிசையில்தான் நிற்கிறான். கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பேன், ஒருவரும் என்னைக் கேட்கவில்லையடி.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா ஜெசிந்தா